ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ் ஏடிவி: உடம்பால் ஓட்டப் பழகுவது எப்படி

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஏடிவி, அதாவது கரடுமுரடான தரையில் ஓடும், ஹேண்டில்பார் வைத்த நாலு சக்கர வண்டி, ஓட்டச் சொல்லித் தருவது பதினோரு வருடமாக என் பொறுப்பு. பெரும்பாலானவர்கள் பைக் ஓட்டத் தெரிந்தவர்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, முதல் வளைவிலேயே கேட்பார்கள்: "அண்ணா, ஹேண்டிலைத் திருப்புறேன், வண்டி நேராவே போகுதே. ஏதாவது கோளாறா?"

கோளாறு ஒன்றும் இல்லை. அந்த வண்டியின் குணமே அதுதான். ஃபுல் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்தையும் இன்ஜின் எப்போதும் இழுக்கும் அமைப்பு, உள்ள வேலை ஏடிவி நேராகப் போகத்தான் விரும்பும். ஹேண்டில்பார் திரும்பச் சொல்லிக் கேட்கும், உண்மையில் வண்டியைத் திருப்புவது ஓட்டுகிறவரின் உடம்புதான். இதை முதல் நாளே புரிந்துகொண்டவர்கள் ஒரு வாரத்தில் நன்றாக ஓட்டுகிறார்கள். கையின் பலத்தால் திருப்பப் பார்க்கிறவர்கள் ஒரு மாதம் கழித்தும் தோள் வலியோடுதான் இறங்குகிறார்கள்.

ஏன் நேராகப் போகிறது

வண்டியின் அடியில் ஒருமுறை குனிந்து பாருங்கள். நான் ஓட்டும் வகையில் பின்சக்கரம் இரண்டும் ஒரே ஆக்ஸிலில் (அச்சுத் தண்டில்) இறுகப் பூட்டியிருக்கும். இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் டிஃபரன்ஷியல் என்ற கியர் அமைப்பு கிடையாது. காரில் வளைவின் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், உள்பக்கச் சக்கரம் குறைவாகச் சுற்றும். இதில் இரண்டும் எப்போதும் ஒரே வேகம். அதனால் வளைவில் ஏதாவது ஒரு டயர் தரையில் வழுக்கியே ஆக வேண்டும். வழுக்க இடமில்லை என்றால் பின்பக்கம் மொத்தமாக வண்டியை நேராகத் தள்ளும்.

முன்பக்கம் பெரும்பாலும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இருக்கும். ஒரு சக்கரம் சேற்றில் சும்மா சுற்றினாலும், பிடிப்புள்ள மற்ற சக்கரத்துக்கு இழுவை போகும். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: த்ராட்டிலை, அதாவது ஆக்ஸிலரேட்டரை, கொடுத்தவுடன் ஹேண்டில்பார் கனத்து, தானாக நடுவுக்கு வரப் பார்க்கும்.

மூன்றாவது, முன்னுக்கும் பின்னுக்கும் இடையில் உள்ள ஷாஃப்ட். பல ஃபுல் டைம் ஏடிவிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடும், அதிக தூரம் ஓடும். ஷாஃப்ட் அதற்கு இடம் கொடுக்காது. தளர்ந்த மண்ணில் டயர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். சிமெண்ட் தரையில் தீர்க்க முடியாது. ஸ்டீயரிங் கல்லாகிவிடும், டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு போகும், உள்ளே கியர்களில் முறுக்கு ஏறும். தார்ச் சாலையில் இந்த வண்டியை ஓட்டாதீர்கள் என்று கையேட்டில் எழுதியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஹோண்டா 1986-இல் ஃபோர்ட்ராக்ஸ் 350-ஐயும், 1988-இல் ஃபோர்ட்ராக்ஸ் 300-ஐயும் ஃபோர் வீல் டிரைவோடு கொண்டுவந்த காலத்தில் அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது, நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். பொலாரிஸ் வேறு வழியில் போனது: பின்சக்கரம் வழுக்கினால் மட்டும் முன்பக்கம் தானாகச் சேர்ந்துகொள்ளும். இன்று பெரும்பாலான வண்டிகளில் ஸ்விட்ச் இருக்கிறது. ஸ்விட்ச் உள்ள வண்டியில் ஃபோர் வீலைப் போட்டுவிட்டு ஓட்டினாலும் நான் இங்கே சொல்வதில் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

முதல் பயிற்சி: எட்டுப் போடுதல்

சமமான, தளர்ந்த மண் உள்ள இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். புல் தரையும் சரிதான். பதினைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு குச்சிகளை நட்டு, அவற்றைச் சுற்றி எட்டு போடுங்கள். இரண்டாவது கியர், நடை வேகத்தைவிடக் கொஞ்சம் கூட. கியர் மாற்றத் தேவையில்லாத பெல்ட் வண்டி என்றால் லோ ரேஞ்ச்.

முதல் ஐந்து சுற்று வேண்டுமென்றே பொம்மை மாதிரி நிமிர்ந்து, இருக்கையின் நடுவில் உட்கார்ந்து ஓட்டுங்கள். வட்டம் எவ்வளவு அகலமாகப் போகிறது, கை எவ்வளவு இழுக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் இப்படி மாற்றுங்கள்: வளைவு வருவதற்கு முன்பே த்ராட்டிலைக் குறைத்து, இருக்கையில் முன்னால் நகருங்கள். மேலுடம்பை வளைவின் உள்பக்கம் சாயுங்கள். வெளிப்பக்கப் பாதத்தால் ஃபுட்ரெஸ்டை நன்றாக அழுத்துங்கள். பார்வை முன்சக்கரத்தில் இருக்கக் கூடாது, போக வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ஹேண்டில்பார் திரும்பி, வண்டி வளையத் தொடங்கிய பிறகு த்ராட்டிலை மெல்லக் கொடுங்கள்.

நடப்பது இதுதான். முன்னால் நகர்ந்ததால் முன் டயர்களுக்கு எடை கூடி அவை மண்ணைப் பிடிக்கின்றன. வெளிப்பக்கக் காலில் எடை போனதால் உள்பக்கப் பின்சக்கரம் லேசாகி வழுக்க இடம் கிடைக்கிறது. பூட்டிய ஆக்ஸில் கேட்டது அந்தச் சின்ன வழுக்கல்தான். அதைக் கொடுத்தவுடன் வட்டம் பாதியாகச் சுருங்கிவிடும். முதன்முறையாக இது கைகூடும்போது ஓட்டுகிறவரின் முகம் மாறுவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சந்தோஷம்.

பைக் ஓட்டிப் பழகியவர்களிடம் இன்னொன்று சொல்வேன். பைக்கில் வண்டியும் நீங்களும் சேர்ந்து சாய்வீர்கள். இது சாயாது. நீங்கள் மட்டும்தான் சாய வேண்டும். சாயாமல் வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும். அப்படி எழும்பினால் த்ராட்டிலைப் படிப்படியாகக் குறைத்து, ஹேண்டிலைக் கொஞ்சம் நேராக்கி, உடம்பை இன்னும் உள்ளே கொண்டுபோங்கள். காலைக் கீழே ஊன்றவே கூடாது. ஊன்றிய காலைப் பின்சக்கரம் ஏறிவிடும். பைக்கிலிருந்து வந்த பழக்கங்களில் மிக ஆபத்தானது இதுதான், நான் கத்துவதும் இதற்கு மட்டும்தான்.

இந்த நீளமான இருக்கை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்வதற்காகக் கொடுத்தது. இருவர் உட்காரும் வகை தனியாக இருக்கிறது. மற்ற வண்டிகளில் பின்னால் ஒருவர் ஏறிவிட்டால் நீங்கள் நகர முடியாது. நகர முடியாவிட்டால் திருப்ப முடியாது.

சவாரி எப்படி இருக்கும்

பின்னால் ஒரே ஆக்ஸில் என்றால் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறினாலும் பின்பக்கம் முழுவதும் தூக்கும், அடி நேராக இடுப்புக்கு வரும். நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டி இதைவிட மெத்தென்று போகும். பொலாரிஸ் ஸ்போர்ட்ஸ்மேன் 500 அந்த வசதியோடு 1996-இல் வந்தது. நாள் முழுவதும் கரடுமுரடான இடத்தில் உட்கார்ந்து ஓட்டுபவருக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த வகை வளைவில் அதிகமாக ஆடும், சரிவில் குறுக்கே போகும்போதும் சாய்வு கூடும். ஒற்றை ஆக்ஸில் வண்டி பலகை மாதிரி தட்டையாக நிற்கும். பாரம் ஏற்றி மெதுவாக வேலை செய்ய எனக்கு ஒற்றை ஆக்ஸில்தான் பிடித்திருக்கிறது.

வேலை வண்டியின் ஷாக் அப்சார்பர்கள் பாரத்தை நினைத்து அமைத்தவை. பாரம் வைக்கும் ரேக் காலியாக இருக்க ஓட்டினால் குதிக்கும். அதற்கு வழி எழுந்து நிற்பதுதான். பள்ளமும் கல்லும் வரும் இடத்தில் முழங்காலை மடித்து, ஃபுட்ரெஸ்டில் நின்று, இருக்கையைத் தொட்டும் தொடாமலும் ஓட்டுங்கள். கால்தான் அங்கே உங்கள் சஸ்பென்ஷன்.

அதே இடத்தில் கட்டைவிரலைக் கவனிக்க வேண்டும். ஏடிவியில் த்ராட்டில் வலது கட்டைவிரலில் இருக்கிறது. உடம்பு குலுங்கினால் விரலும் குலுங்கும், விரல் குலுங்கினால் வண்டி விட்டுவிட்டு இழுக்கும், அது உடம்பை இன்னும் குலுக்கும். மற்ற நான்கு விரல்களால் கைப்பிடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலை மட்டும் தளர்த்தி வைத்தால் இந்தச் சுழல் நின்றுவிடும். இடது கட்டைவிரலைக் கற்கள் உள்ள தடத்தில் நான் கைப்பிடிக்கு மேலேயே வைத்துக்கொள்வேன். முன்சக்கரம் கல்லில் மோதும்போது லிமிடெட் ஸ்லிப் வண்டியின் ஹேண்டில்பார் வெடுக்கென்று திரும்பும், சுற்றிப் பிடித்த விரல் சுளுக்கிக்கொள்ளும்.

டயர்: பாதி குணம் இங்கேதான்

ஏடிவி டயரின் காற்றழுத்தம் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ-க்குள் இருக்கும். கார் டயரில் 30-க்கு மேல். கார் டயருக்கான கேஜில் 4 பிஎஸ்ஐ-யைச் சரியாகப் படிக்க முடியாது, குறைந்த அழுத்தத்துக்கென்று இருக்கும் கேஜை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரியான அளவு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். இடது வலது இரண்டுக்கும் 1 பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதிகக் காற்று இருந்தால் பந்து மாதிரி துள்ளும், குறைந்தால் வளைவில் டயர் மடிந்து ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம்.

ஃபுல் டைம் வண்டிக்கு இதைவிட முக்கியமான ஒன்று, முன் டயரும் பின் டயரும் ஒரு சுற்றுக்கு ஓடும் தூரம். நான் இதைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். ஒருமுறை முன் டயர் இரண்டும் கிழிந்து, வேலை நிற்கக் கூடாதே என்று கையில் கிடைத்த கொஞ்சம் உயரமான ஜோடியை மாட்டினேன். பொருந்திவிட்டது, ஓடியது. ஆனால் ஸ்டீயரிங் நாளுக்கு நாள் கனத்தது. காய்ந்த தடத்தில் வண்டி எதையோ இழுத்துக்கொண்டு போவது போல் இருந்தது. மூன்று வாரம் கழித்து, முன் டிஃபரன்ஷியல் பெட்டியில் கை வைத்தபோது தொட முடியாத சூடு.

அப்புறம்தான் அளந்து பார்த்தேன். முறை எளிது, இன்றும் டயர் மாற்றும்போதெல்லாம் செய்கிறேன். டயரில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே தரையில் ஒரு கோடு. நீங்கள் வழக்கமாக ஓட்டும் எடையோடு ஒருவர் மேலே உட்கார, வண்டியை நியூட்ரலில் நேராகத் தள்ளி, டயர் கோடு மறுபடி கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு. இடைவெளியை டேப்பால் அளக்கவும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். எனக்குப் பின் டயர் 190 சென்டிமீட்டர், புதிய முன் டயர் 194. நான்கே சென்டிமீட்டர்தான் என்று தோன்றும். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட ஐந்நூறு சுற்றுக்கு மேல் ஆகிறது. அதாவது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 21 மீட்டர் தூரத்தை டயர்கள் வழுக்கித்தான் கழித்திருக்கின்றன, காய்ந்த தரையில் அந்த இறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் கியரிலும் ஏறியிருக்கிறது. கையேட்டில் சொன்ன அளவையே மாட்டுங்கள். தேய்ந்தால் நான்கையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

மேடும் இறக்கமும்

இறக்கத்தில்தான் இந்த வண்டியின் அருமை தெரியும். பின்சக்கர டிரைவ் மட்டும் உள்ள வண்டியில் இன்ஜின் பிரேக்கிங், அதாவது த்ராட்டிலை விட்டதும் இன்ஜினே வண்டியின் வேகத்தைப் பிடிப்பது, பின்னால் மட்டும் விழும். ஈர மண்ணில் பின்பக்கம் வழுக்கி முன்னால் சுற்றி வரப் பார்க்கும். ஃபுல் டைமில் அந்தப் பிடி நான்கு சக்கரத்துக்கும் பகிர்ந்து போகிறது. இறங்கத் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியருக்கு வந்து, இருக்கையில் பின்னால் நகர்ந்து, கைகளை நீட்டி, த்ராட்டிலை முழுவதும் விட்டுவிடுங்கள். வண்டி தானே முனகிக்கொண்டு இறங்கும். தேவைப்பட்டால் பின் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். சில பெல்ட் வண்டிகளில் வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் விடுபட்டு வண்டி சும்மா உருளத் தொடங்கும். உங்கள் வண்டி அப்படியா என்று சின்னச் சரிவில் முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றத்தில் எனக்கு இந்த வண்டி மேல் ஒரு பயம் உண்டு, அது வண்டியின் பலத்தால் வரும் பயம். இரண்டு சக்கரம் இழுக்கும் வண்டி முடியாத மேட்டின் அடியிலேயே சுற்றி நின்று சொல்லிவிடும். இது பாதி மேடு ஏறிய பிறகுதான் சொல்லும். அதனால் உச்சியும் அந்தப் பக்கமும் தெரியாத மேட்டில் ஏறாதீர்கள். இறங்கி நடந்து பாருங்கள்.

ஏறும்போது கியரை அடியிலேயே தேர்ந்தெடுத்து, நேராக, ஒரே சீரான த்ராட்டிலில் போங்கள். உடம்பு முன்னால். செங்குத்தாக இருந்தால் எழுந்து நின்று ஹேண்டில்பாருக்கு மேல் குனியுங்கள்.

நடுவில் வண்டி தளர்கிறது என்றால், முழுவதும் நிற்கும் முன்பே முடிவு எடுக்க வேண்டும். எடையை மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு பிரேக் பிடித்து நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, மேட்டுப் பக்கமாக இறங்குங்கள். பின்னோக்கி உருளத் தொடங்கிவிட்டால் முன் பிரேக்கைப் படிப்படியாக அழுத்துங்கள். வண்டி நின்ற பிறகு பின் பிரேக்கும். பின்னோக்கி உருளும்போது பின் பிரேக்கைத் தட்டென்று மிதித்தால் முன்பக்கம் எழும்பி வண்டி உங்கள் மேல் கவிழும். வண்டியின் எடை 270 கிலோ. ஒற்றை லீவரில் எல்லாப் பிரேக்கும் வேலை செய்யும் வண்டியில் அந்த லீவரை மிக மெதுவாகப் பிடிக்க வேண்டும். இதை எல்லோரையும் இரண்டு மீட்டர் உயரமே உள்ள மண்மேட்டில் பத்துப் பதினைந்து முறை செய்ய வைக்கிறேன். பயந்த நேரத்தில் யோசித்துச் செய்ய முடியாது, கை தானாகச் செய்ய வேண்டும்.

சரிவில் குறுக்கே போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கவும். போக வேண்டி வந்தால் உடம்பை மேட்டுப் பக்கம் சாய்த்து, முன்சக்கரத்தைக் கொஞ்சம் மேட்டுப் பக்கம் திருப்பியே வைத்திருங்கள். கவிழப் போகிறது என்று தோன்றினால் வண்டியைச் சரிவின் கீழ்ப்பக்கம் திருப்பிவிடுங்கள். அதற்கும் நேரமில்லை என்றால் மேட்டுப் பக்கமாக இறங்கி விலகுங்கள், வண்டி போனால் போகட்டும்.

சேறு, தண்ணீர், பாரம்

சேற்றில் சீராகப் போங்கள். வேகம் குறைகிறது என்றால் த்ராட்டிலை அதிகமாக்குவதற்குப் பதில் ஹேண்டில்பாரை இடமும் வலமுமாகச் சின்னச் சின்னதாக ஆட்டுங்கள். முன் டயரின் ஓரக் கட்டைகள் பள்ளத்தின் பக்கச் சுவரைப் பிடித்து இழுக்கும். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில்தான் இந்த வித்தை பலிக்கும். நான்கும் ஒரே இடத்தில் சுற்றினால் உடனே த்ராட்டிலை விட்டுவிடுங்கள், சுற்றச் சுற்ற வண்டி குழிதான் தோண்டும்.

தண்ணீரைக் கடந்த பிறகு மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை நாலைந்து முறை லேசாகப் பிடித்துக் காய வையுங்கள்.

பாரம் ஏற்றினால் மேலே சொன்ன எல்லாமே கொஞ்சம் மாறும். என் வண்டியில் முன் ரேக்குக்கு 30 கிலோ, பின் ரேக்குக்கு 60 கிலோ வரம்பு. 60 லிட்டர் மருந்து தெளிக்கும் டேங்கைப் பின்னால் வைத்து நிரப்பினால் தண்ணீரே 60 கிலோ, டேங்கும் பம்பும் அதற்கு மேல். அப்படி ஏற்றிய வண்டியில் முன்பக்கம் லேசாகி, ஸ்டீயரிங் சுகமாக மாறியது போல் தோன்றும். அந்தச் சுகத்தை நம்பாதீர்கள். முன் டயருக்குப் பிடிப்பு போய்விட்டது என்பதன் அடையாளம் அது. மேட்டில் அதே வண்டிதான் முன்பக்கத்தைத் தூக்கும். பாதி நிரம்பிய டேங்க் இன்னும் மோசம், வளைவில் நீங்கள் உள்ளே சாயும்போது தண்ணீர் வெளியே சாயும். ரேக்கின் வரம்புக்காக நான் 40 லிட்டருக்கு மேல் நிரப்புவதில்லை, பின் ரேக்கில் பாரம் இருந்தால் முன் ரேக்கிலும் கொஞ்சம் கட்டுகிறேன், வேகத்தைப் பாதியாகக் குறைக்கிறேன்.

என்னிடம் பழகுகிறவர்களுக்கு வரிசை இதுதான்: முதல் நாள் ஹெல்மெட்டும் கணுக்காலை மூடும் பூட்ஸும் போட்டு எட்டு மட்டும். இரண்டாம் நாள் அந்தச் சின்ன மண்மேடு. மூன்றாம் நாள் கல் தடத்தில் நின்றபடி ஓட்டுவது. காலி டேங்கை நான்காம் நாள்தான் ஏற்ற விடுவேன். தண்ணீர் ஊற்றுவது, அவர் மறுபடி எட்டு போட்டுக் காட்டிய பிறகு.